இருபத்தேழு சுண்ணாம்புப் பொட்டு

1976-ஆம் வருஷம், ஆனி மாதம். ஒரு சனிக்கிழமை விடிந்து சற்று நேரத்தில், புதுப்பட்டினம் பள்ளிவாசல் தெருவில் நின்றிருந்த ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, தொழப் போகிறவர்கள் விட்டுப்போவதுபோல ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. பால் வாங்கப் போன இரண்டு பேர் நின்றார்கள். பெண்ணின் கால்கள் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் நகரவில்லை.

அடியிலிருந்து குரல் வந்தது.

"யாரு அது? சும்மா நின்னுகினு கீறதுக்கு இந்த டார்ச்ச கொஞ்சம் புடிச்சா இன்னா?"

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் சம்சாத் பேகம். வயது நாற்பத்திரண்டு. கணவர் நூர்முகமது இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போனது ஒரு வீடு, ஒரு மாட்டு வண்டி வாடகை ஏற்பாடு, ஒரு ஐஸ் லைன். ஐஸ் லைன் என்பது ஒரு பாதைதான். காலையில் செங்கல்பட்டிலிருந்து ஐஸ் பாரை மரத்தூள் போட்டு, சாக்கு மூடிக் கொண்டுவந்து, பாலாறு கடலில் சேரும் இடம் வரைக்கும் உள்ள குப்பங்களுக்குக் கொடுக்கவேண்டும். திரும்பும்போது அந்த ஐஸிலேயே வைத்த இறாலை வாங்கிக்கொண்டு செங்கல்பட்டு ரயிலுக்குச் சேர்க்கவேண்டும். இறாலுக்குக் கிராக்கி ஏறியிருந்த காலம் அது. மாட்டு வண்டி மணலில் போய்ச் சேருவதற்குள் பாதி ஐஸ் தண்ணீராகி வழியிலேயே ஒழுகிவிடும். மீதிப் பாதியை வைத்து வியாபாரம் செய்வது தன் கணவருக்குப் போதுமானதாக இருந்தது என்றும், தனக்கு அப்படி இல்லை என்றும் சம்சாத் பேகம் சொல்வார். அதனால்தான் ஜீப்பு.

பட்டாளத்து ஜீப்பு. நான்கு சக்கரமும் இழுக்கும். மணலில் போகும். ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு தரகரிடம் மெட்ராஸில் வாங்கியது. வாங்கும்போது எஞ்சினும் கியர் பெட்டியும் தொட்டில்போல் ஓசையில்லாமல் ஓடின. அந்த அமைதிதான் அவரை மயக்கியது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கியர் ஆயிலை மாற்றலாம் என்று திறந்தபோது, ஆயிலோடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு உருண்டை விழுந்தது. சம்சாத் பேகம் அதை எடுத்து விரலில் நசுக்கினார். அவருக்கு நன்றாகத் தெரிந்த பொருள்.

"அட பாவி! ஐஸுக்குப் போடற மரத்தூளுடா இது!"

தேய்ந்த பல் சக்கரங்கள் கத்தாமல் இருக்கத் தரகர் மரத்தூளைத் திணித்திருந்தார். அதைக் கழுவி எடுத்துப் புது ஆயில் ஊற்றியபின் ஜீப்பு தன் சொந்தக் குரலில் முனக ஆரம்பித்தது. சம்சாத் பேகத்துக்கு அது நிம்மதியாக இருந்தது. "கத்துற பொருள நம்பலாம். கம்முனு கீறதுதான் மோசம்" என்றார். இந்தக் கருத்து எவ்வளவு தூரம் உண்மை என்பது தனி விசாரணை. ஆனால் அவர் இதை ஜீப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டார், மற்றவற்றுக்கு நீட்டிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

நூர்முகமதுவின் தம்பி மொய்னுதீன், தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அண்ணன் இறந்த நாளிலிருந்து ஐஸ் லைன் மேல் அவருக்குக் கண். கெட்டவர் இல்லை. ஒரு பெண் குப்பம் குப்பமாகப் போவது குடும்பத்துக்கு அழகில்லை என்று உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கை தனக்கு லாபமாகவும் இருந்ததில் அவர் தவறொன்றும் காணவில்லை.

ஜீப்பு வந்த வாரம், கடையில் பத்துப் பேர் இருக்கும்போது கேட்டார்.

"அண்ணி, மணலு இன்னா தார் ரோடா? போன வருசம் காண்ட்ராக்டரு வேனு இன்னா ஆச்சி? மறந்துட்டீங்களா?"

யாரும் மறக்கவில்லை. கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குச் சாமான் ஏற்றிவந்த ஒரு வேன் மணலில் சிக்கி, செவலை என்ற மாடு அதை இழுத்து வந்தது. எந்த வண்டியை மாடு இழுத்து வருகிறதோ அந்த வண்டிக்கு மாட்டின் பெயரை வைத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அன்றிலிருந்து அது 'செவலை வேன்'. டீக்கடையில் டிரைவரைப் பார்த்து, "செவலைக்குத் தண்ணி காட்டினியா அண்ணாத்த?" என்று கேட்டுக்கேட்டு, அந்த ஆள் வேலையையே விட்டுவிட்டு ஊரப்பாக்கம் பக்கம் போய்விட்டார்.

"என் ஜீப்பு சிக்காது" என்றார் சம்சாத் பேகம்.

"சிக்கினா?"

"நீயே சொல்லு."

மொய்னுதீன் கடையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரம்ஜான் பிறை பாக்கறதுக்குள்ள, ஒரே ஒரு தடவ, மாடு கட்டி உங்க ஜீப்ப இழுத்துகினு வந்தாங்கன்னா, ஐஸ் லைன எனக்கு வுட்டுடணும். வூட்டு செலவு மொத்தம் நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா குந்திகினு இருக்கலாம்."

"சரி. இழுக்கலன்னா?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை.

"இழுக்கலன்னா, நீ என் ஜீப்ப கழுவணும் தம்பி. வாரத்துக்கு ஒரு தடவ. இதே தெருவுல. எல்லாரும் பாக்க."

கடை சிரித்தது. மொய்னுதீனும் சிரிக்கவேண்டியதாயிற்று. சிரித்ததால் அது ஒப்பந்தம் ஆயிற்று.

இனி டிரைவரைப் பற்றி. தாவீது படாளம் என்ற ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயது. தகப்பனார் அங்கே பண்ணை வேலை செய்தவர். தாவீது பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஓடி, மலைப்பாதைகளில் லாரியும் ஜீப்பும் ஓட்டி, பென்ஷனோடு வந்தவர். ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மணலில் எங்கே காற்றைக் குறைத்த டயரோடு மெதுவாகப் போகவேண்டும், எங்கே நிறுத்தாமல் அடித்துப் போகவேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். ஆனால் ஜீப்புக்கு அடியில் மட்டும் படுக்கமாட்டார்.

"நான் டிரைவரு பாயம்மா. கிரீஸ் அடிக்கறதுக்கு மிலிட்டரில தனி ஆளு கீது."

"இங்க மிலிட்டரி நானு. தனி ஆளு நீ" என்றார் சம்சாத் பேகம்.

சீட்டுக்கு அடியில் ஒரு கந்தல் புத்தகம் கிடைத்திருந்தது. இங்கிலீஷ். அவருக்குப் படிக்க வராது. ஆனால் ஒரு பக்கத்தில் ஜீப்பைத் தோலுரித்து மேலிருந்து பார்த்ததுபோல் ஒரு படம். நடுவில் கியர் பெட்டி, அதிலிருந்து சக்கரங்களைச் சுழற்ற முன்பக்கம் ஒரு ஷாப்ட்டு, பின்பக்கம் ஒரு ஷாப்ட்டு, அங்கங்கே கிரீஸ் அடிக்கும் இடங்களுக்கு அம்புக்குறி. அதை விரிய வைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு அம்பையும் விரலால் தேடிக் கண்டுபிடித்தார். இருபத்தேழு. முதல் வாரத்தில் பால் வாங்கப் போனவர்கள் பார்த்தது இந்தத் தேடலைத்தான்.

சோதிப்பது அவருக்குப் பழைய பழக்கம். அவருடைய வாப்பா ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை வைத்திருந்தவர். பால்காரர் ஊற்றும் பாலை ஒவ்வொரு நாளும் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். மகள் அதைப் பார்த்து வளர்ந்து, எட்டு வயதிலேயே சர்க்கரை டப்பா மூடியின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவி அண்ணனைப் பிடித்துக்கொடுத்தாள். இப்போது அதே சுண்ணாம்பு. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, வெள்ளிக்கிழமைதோறும் பகல் தொழுகைக்குப் பின், இருபத்தேழு இடத்திலும் ஒரு பொட்டு வைத்தார். கிரீஸ் துப்பாக்கியை அழுத்திப் பிடித்தால்தான் பொட்டு அழியும். சனிக்கிழமை காலையில் பொட்டு இருந்தால் கிரீஸ் அடிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை இருபத்தேழு பொட்டும் அப்படியே இருந்தன. தாவீதுக்கு அன்று நாஸ்தா கிடைக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை எல்லாம் அழிந்திருந்தன. ஆனால் கிரீஸ் டப்பா குறையவில்லை. ஜீப்பின் பக்கத்தில் நீளமான விளக்குமாற்றுக் குச்சி ஒன்று கிடந்தது. நுனியில் சுண்ணாம்பு. தாவீது வண்டிக்கு வெளியே உட்கார்ந்தபடியே, கேரம் ஆடுவதுபோல் ஒவ்வொரு பொட்டையும் குறிபார்த்துச் சுரண்டியிருந்தார். படுத்து அடித்திருந்தால் இதில் பாதி நேரம்தான் ஆகியிருக்கும்.

"இத்தினி கஷ்டப்பட்டு ஏமாத்தினியே, உன்ன திட்டறதா மெச்சறதா?" என்றார் சம்சாத் பேகம். அந்தக் குச்சியிலேயே கோடு கிழித்து, அதைக் கிரீஸ் டப்பாவுக்கு அளவுகோல் ஆக்கிக்கொண்டார்.

அதன்பின் எல்லாம் ஒழுங்காயிற்று. பொட்டுகள் அழிந்தன. டப்பா வாராவாரம் ஒரு கோடு குறைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் மஞ்சளாகக் கிரீஸ் மினுக்கியது. மற்ற பராமரிப்பு முழுவதும் சம்சாத் பேகமே பார்த்தார். கடலோரம் போய்வந்த நாள் எல்லாம் வண்டியின் வயிற்றைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினார், உப்பு நிற்கக்கூடாது என்று. காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் ஊற்றியிருக்கும் ஆயிலை, அரிசி களைவதுபோல் சாய்த்து வடித்து, அடியில் நின்ற மணலைத் தெருவில் போகிறவர்களுக்குக் காட்டினார். "பாரு, இது எல்லாம் எஞ்சினு தின்னிருக்கும்!" பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஆயில் குச்சியைத் தொட்டு விரல்களுக்கிடையே தேய்த்து, நெய் பார்ப்பதுபோல் மோந்தார். ஆடி போயிற்று, ஆவணி வந்தது. ஜீப்பு ஒருநாளும் நிற்கவில்லை. மொய்னுதீன் பிறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்துக்கொள்வதாகக் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

இன்னொரு மாற்றமும் ஊரில் நடந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அது ஒரு சத்தம் நின்றுபோன விஷயம். சம்பத் என்பவர் சவுக்குத் தோப்பிலிருந்து விறகு ஏற்றும் வண்டிக்காரர். செவலை, மயிலை என்ற இரண்டு மாடுகளுக்கும் சொந்தக்காரர். அவருடைய வண்டி வருவது இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்தே கேட்கும். அச்சு அழும். குழந்தைகள் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடும். அந்த அழுகை ஆடி மாதத்தில் எப்போதோ நின்றது. இருந்த ஒன்று இல்லாமல் போவதைக் காதால் கேட்க முடியாது. சம்சாத் பேகமும் கேட்கவில்லை.

பிறைக்கு மூன்று நாள் இருந்தது. முகத்துவாரத்துக் குப்பத்தில் இறால் வாங்கிக்கொண்டு திரும்பும் வழி. முற்பகல். ஜீப்பின் பின்னால் ஆறு கூடை இறால், மேலே ஐஸ். முன் சீட்டில் தாவீதும் சம்சாத் பேகமும். ஒரு வாரமாகவே கியர் போடும்போது கீழே 'டக்' என்று ஒரு சத்தம்.

"இன்னா அது?" என்று சம்சாத் பேகம் அதுவரை நாலு தடவை கேட்டிருந்தார்.

"ஸ்பிரிங் பட்டையிலேருந்து வர்ற சத்தம் பாயம்மா. மிலிட்டரி வண்டின்னா அப்பிடித்தான்."

ஐந்தாவது தடவை கேட்பதற்கு வாய் திறந்தபோது அடியில் 'தடால்' என்றது. தொடர்ந்து யாரோ இரும்புத் தடியால் வண்டியின் வயிற்றில் அடிப்பதுபோல் நாலைந்து அடி. தாவீது எஞ்சினை நிறுத்தினார். மறுபடி போட்டார். எஞ்சின் ஓடியது. கியர் விழுந்தது. ஜீப்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"படுத்துப் பாரு" என்றார் சம்சாத் பேகம்.

தாவீது இறங்கி, பக்கவாட்டில் குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பின் ஷாப்ட்டு பாயம்மா. அத கோக்கற கிராஸ் உடஞ்சி தொங்குது. அவ்ளதான். மாடுதான்."

மாடு என்ற சொல் வந்ததும் சம்சாத் பேகம் துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு தானே படுத்து உள்ளே போனார். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. விரல் நுனிகளில் செங்கல்தூள்போல் ஏதோ.

"தாவீது. இது இன்னா?"

தாவீது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெளிய கிரீஸு மினுக்குது. உள்ள துரு. ஒரு பொட்டு கிரீஸு உள்ள போவல. அப்ப டப்பால குறஞ்சது எல்லாம் எங்க போச்சி? நீ ரொட்டில தடவி தின்னியா?"

அப்போது யாரோ வெளியே நீட்டியிருந்த பாதங்களுக்கு மிக அருகில், "இன்னா பாயம்மா, மாடு கட்டட்டுமா?" என்றார். சம்சாத் பேகம் திடுக்கிட்டு எழுந்ததில் தலை வண்டியில் இடித்தது. வெளியே வந்து பார்த்தால் சம்பத். பின்னால் விறகு வண்டி. செவலையும் மயிலையும் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு நின்றன.

"நீ எப்படா வந்த?"

"இப்பத்தான். நேரா வந்து நின்னேன்."

"சத்தமே இல்லியே!"

சம்பத் பெருமையாகச் சிரித்தார். "இப்ப எல்லாம் என் வண்டி கத்தறதே இல்ல பாயம்மா."

சம்சாத் பேகம் அவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். நடந்துபோய்ச் சக்கரத்தின் குடத்தில் விரலை விட்டு எடுத்தார். மாட்டு வண்டிக்கு எல்லோரும் போடுவது கரியும் விளக்கெண்ணெயும் கலந்த கறுப்பு மை. விரலில் வந்தது மஞ்சள். மோந்து பார்த்தார். தன் வீட்டு டப்பா.

"சம்பத்து, தாவீது சும்மா குடுத்திருக்க மாட்டான். உன் சம்சாரம் சின்னப்பொண்ணு அவனுக்கு இன்னா ஆக்கிக் குடுக்குது?"

சம்பத்துக்கு எதுவும் விளங்கவில்லை. "நெத்திலி கொழம்பு பாயம்மா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. நம்ம வண்டிக்கு மிலிட்டரி மசக போட்டு வுடறாரு, சும்மா அனுப்ப முடியுமா?"

தாவீது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வண்டிக்கு அடிச்சியே, என் வண்டிக்கு அடிச்சா கை வளஞ்சிடுமா?"

"அது நின்னுகினே தடவலாம் பாயம்மா" என்றார் தாவீது. கடலைப் பார்த்தபடியே மேலும் சொன்னார்: "எங்க நைனா படாளத்துல அடுத்தவன் சேத்துலயே குனிஞ்சி கெடந்து போய்ச் சேந்தாரு. நான் மிலிட்டரிக்கு ஓடினதே இனிமே எவனுக்கும் கீழ கெடக்கக்கூடாதுன்னுதான். வண்டி ஓட்டறேன். குச்சிய வச்சி துணி சுத்தி ஓரமா தடவினேன். படுக்க மட்டும் மனசு வரல."

கிரீஸ் அடிக்காதது தவறு. படுக்க மறுத்தது தவறு என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சம்சாத் பேகம் துப்பட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டார்.

"நான் கெடந்தேனே. இப்பவும், ரெண்டு மாசமாவும். நான் கொறஞ்சி போயிட்டேனா?"

"அய்யோ, இல்ல பாயம்மா."

"அப்ப படு. நானும் படுக்கறேன். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நானு. நடுவுல ஷாப்ட்டு கீது, ஊரு ஒண்ணும் சொல்லாது."

சம்பத் சிரித்துவிட்டார். "உனக்கு இன்னாடா சிரிப்பு? மாட்ட அவுத்து நெழல்ல கட்டு. அத என் ஜீப்பு கண்ணுல காட்டாத."

தாவீது படுத்தார். படுத்ததும் அவர் குரலே மாறிப்போயிற்று. அடியிலிருந்து டிரைவராக இல்லாமல் மெக்கானிக்காகப் பேசினார். ஸ்பானர் கேட்டார், டார்ச்சை நகர்த்தச் சொன்னார், பட்டாளத்து இந்தியில் ஒரு நட்டைத் திட்டினார்.

சம்சாத் பேகம் மறுபக்கத்திலிருந்து முன்பக்கம் காட்டினார். "இந்த ஷாப்ட்டு முன்னால போவுதே. படத்துலயும் போட்டிருந்தான். இது நல்லாத்தான கீது? இதால இழுத்துகினு போவ முடியாதா?"

ஸ்பானர் நின்றது. "போலாம்" என்றார் தாவீது, யாரோ தன்னை உதைத்ததுபோல. "பின் ஷாப்ட்ட முழுசா கழட்டிப் போட்டுட்டு, முன்பக்கத்து கம்பிய தள்ளினா, முன் சக்கரம் மட்டும் இழுக்கும். லடாக்குல ஒரு தடவ செஞ்சிருக்கோம்."

"தெரிஞ்சிகினே மாடுன்னு சொன்னியா?"

"பயத்துல மறந்துட்டேன் பாயம்மா. கிராஸ பாத்துடுவீங்களேன்னு."

ஷாப்ட்டு கழன்று மணலில் விழுந்தது. கூடைகளைப் பின்னாலிருந்து எடுத்துப் பானெட் மேல் ஏற்றினார்கள், முன் சக்கரத்துக்குக் கனம் வேண்டும் என்று. அலை நனைத்த ஈர மணல் கெட்டி. அதன்மேல் ஜீப்பு முன் சக்கரத்தால் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. ஷாப்ட்டு சம்பத்தின் விறகு வண்டியில், பின்னால்.

ஊருக்குப் போகும் மணல் மேட்டில் நின்றது. முன் சக்கரங்கள் சுழன்று குழி பறித்தன. பின்னால் நழுவியது. கை பிரேக்கும் அந்த ஷாப்ட்டோடு போயிருந்ததால் சம்பத் ஓடிவந்து சக்கரத்துக்கு விறகுக் கட்டை வைத்தார். மேட்டின் உச்சியில் யாரோ சைக்கிளில் நின்று பார்த்துவிட்டு, பஜார் பக்கம் வேகமாக மிதித்தார். இன்னும் பத்து நிமிஷத்தில் மொய்னுதீனுக்குத் தெரிந்துவிடும்.

"மேடு ஏறும்போது முன்பக்கம் தூக்குது பாயம்மா. கனம் எல்லாம் பின்னால போயிடுது" என்றார் தாவீது. அவர் கண் ஒருகணம் செவலை மேல் போய் வந்தது.

சம்சாத் பேகம் மேட்டைப் பார்த்தார். "ஐஸ் பார ரெண்டு பேரு புடிச்சிகினு படியேறினா, எவனுக்குக் கஷ்டம்?"

"கீழ கீறவனுக்கு" என்றார் சம்பத்.

"அப்ப இழுக்கற சக்கரத்த கீழ வையி. வண்டிய திருப்பு. பின்னாலயே ஏறு."

தாவீது அவரைப் பார்த்த பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ஜீப்பைத் திருப்பிக் கடலைப் பார்க்க நிறுத்தினார். பின்கியர் போட்டார். ஏறியது. பாதி மேட்டில் மறுபடி சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

"இன்னும் கொஞ்சம் கனம் வேணும் முன்னால."

சம்பத் பானெட் மேல் ஏறினார். சவுக்குக் குச்சிபோல் இருந்த மனிதர். ஒன்றும் மாறவில்லை. இரண்டு ஆண்களும் மரியாதையாக வேறு எங்கோ பார்த்தார்கள்.

"எதுக்குடா அங்க பாக்கறீங்க? வாயத் தொறந்து சொல்றதுக்கு பயம்" என்றார் சம்சாத் பேகம். தன் கனத்தைப் பற்றி அவருக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை. "நான் ஏறினா ஊரு பேசும். ஏறலன்னா மொய்னுதீனு பேசுவான். ஊரு பரவால்ல." பம்பரில் கால் வைத்து ஏறி, இறால் கூடைகளுக்கு நடுவே, கடலைப் பார்த்து உட்கார்ந்து, துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். "ஓட்டு."

ஜீப்பு ஏறியது. உச்சியில் சம்பத் குதித்து, தன் வண்டியை ஓட்டிவரக் கீழே போனார்.

மேட்டுக்கு அப்பால் இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட சந்து. திருப்ப இடமில்லை. அதனால் அப்படியே பின்னோக்கிப் போகவேண்டியதாயிற்று. சந்து முடியும் இடத்தில் மொய்னுதீன் கடை. சைக்கிள்காரர் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். முப்பது பேர் கூடியிருந்தார்கள். மொய்னுதீன் கடைப் படியில், தோளில் துண்டோடு, அனுதாபம் சொல்வதற்கான முகத்தோடு நின்றார்.

முதலில் வந்தது ஜீப்பின் பின்பக்கம், காலியாக. பிறகு தாவீது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி. ஜீப்பு கடையைக் கடந்த பிறகுதான், எல்லோருக்கும் கடைசியாக, பானெட்டும் கூடைகளும், அவற்றின் நடுவே சம்சாத் பேகமும் தெரிந்தார்கள். கடந்துபோய்க்கொண்டே, எதிரே நிற்கும் கொழுந்தனாரை நேருக்கு நேர் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி."

மொய்னுதீன் பதில் சலாம் சொல்வதற்குள் ஜீப்பு பத்தடி போய்விட்டது. "வ அலைக்கும்…" என்று ஆரம்பித்து, கூவவும் முடியாமல், "அண்ணி, இது இன்னா அண்ணி? ரிவர்ஸ்ல வர்றது எல்லாம் கணக்குல வராது!" என்றார்.

"மாடு எங்க தம்பி? நல்லா தேடிப் பாரு!"

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது சந்திலிருந்து, ஒரு சத்தமும் இல்லாமல், சம்பத்தின் வண்டி வந்தது. செவலையும் மயிலையும் தங்கள் விறகையும் அடியில் கிடந்த ஷாப்ட்டையும் மட்டும் இழுத்துக்கொண்டு வந்தன. மொய்னுதீனால் அதைக் காட்டி எதுவும் சொல்ல முடியவில்லை. கயிறு ஏதும் ஜீப்புக்குப் போகவில்லை. முன்னால் போனதும் ஜீப்புதான்.

இறால் கெடவில்லை. அன்று பஸ்ஸில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். புது கிராஸ் போட்டு, ரம்ஜான் பிறை தெரிந்த மறுநாள் ஜீப்பு முன்பக்கமாகவே ஓடியது. மொய்னுதீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு வெள்ளிக்கிழமை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவே பார்க்க ஜீப்பைக் கழுவினார். மேலே மட்டும் கழுவினார். வயிற்றில் உப்பு அப்படியே இருந்தது. சம்சாத் பேகம் அதை மறுபடி கழுவிவிட்டு, "இன்னா தம்பி, நீயும் வெளிய மட்டும் பாக்கற ஆளா?" என்று கேட்டு, அத்தோடு அவரை விட்டுவிட்டார். ஐஸ் லைன் பேச்சும் அத்தோடு போயிற்று.

தாவீதை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கிரீஸ் அடிப்பதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் படுப்பார், இவர் படத்தைப் பார்த்து இடத்தைச் சொல்வார். அடுத்த வெள்ளிக்கிழமை இவர் படுப்பார், அவர் இடத்தைச் சொல்வார். ஜீப்புக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைப் பார்த்தே அந்த வாரம் யார் முறை என்று பள்ளிவாசல் தெரு தெரிந்துகொண்டது. சுண்ணாம்பு பழையபடி வெற்றிலைக்கே போயிற்று.

சின்னப்பொண்ணின் நெத்திலிக் குழம்பு மட்டும் நின்றது. அதைச் சொல்லித் தாவீது சில நாள் குறைப்பட்டுக்கொண்டார். ஐப்பசி மாதம், மழைக்கு முன், ஒரு நாள் மதியம் சம்சாத் பேகம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். இரண்டு தெருவுக்கு அப்பால் 'க்ரீ…ச்' என்று அச்சு அழுதது. குழந்தைகள் எதிர்ப்பாட்டு ஆரம்பித்தார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"நம்ம கிரீஸு டப்பா நம்ம வூட்டுலதான் கீது" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.